மறைத்து வைத்த குளிசை



ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்து, நுவரெலியாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். சிறு வயது முதல் அவளுக்கு வலிப்பு உண்டு. குளிசையால் அது அடங்கியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இது சொல்லப்படவில்லை. இப்போது அவள் உண்டாகியிருக்கிறாள். 'குளிசை பிள்ளைக்கு ஆகாது' என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவிட்டு, ஒருவருமறியாமல் நிறுத்திவிடுகிறாள். பிள்ளைக்காகத் தன்னை ஒறுத்த இத்தாயைப் புகழ்வதா, கடிவதா?

அவளுடைய அச்சம் மூடத்தனமன்று. 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வல்ப்ரோயேட் என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதை உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகெலும்பு மூடாத குறை வருவதை 1982இலேயே லியோன் நகரில் கண்டுவிட்டார்கள். சாதாரணமாக நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இருக்கும் பிறவிக் குறை, இம்மருந்தால் நூற்றுக்குப் பத்தளவில் உயர்கிறது. நூற்றில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்குகின்றன. இவ்வளவும் தெரிந்த பிறகும் எத்தனையோ தாய்மாருக்கு ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பிரெஞ்சுத் தாய்மார் 2011இல் சங்கம் அமைத்துப் போராடிய பின்னரே, 2017இல் அங்கே நட்டஈட்டுக்கு வழி பிறந்தது.

ஆயினும் குளிசையைத் திடீரென நிறுத்துவது அதனிலும் கொடிது. வலிப்பு விடாமல் தொடரலாம். சரிவான மலையிலே, கூடையும் முதுகுமாக நிற்கையில் வரலாம், அடுப்படியில் வரலாம், ஆற்றில் குளிக்கையில் வரலாம். உறக்கத்திலேயே உயிர் போவதும் உண்டு. தாய்க்கு மூச்சு முட்டினால் கருவிலுள்ள சிசுவுக்கும் முட்டுமல்லவா?

ஆகவே தாயா, பிள்ளையா என்று கேட்பதே தவறு. லமோட்ரிஜின், லெவெடிரசிட்டம் போன்ற ஆபத்துக் குறைந்த மருந்துகள் உண்டு. கர்ப்ப காலத்தில் லமோட்ரிஜினின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடுவதால், வைத்தியர் குளிசையைக் கூட்டவும் நேரும். (மாமியார் பார்த்தால் பதறத்தான் செய்வார்!) திருவனந்தபுரத்தில் 1998 முதல் இத்தகைய தாய்மாரைப் பதிந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளையே பெற்றிருக்கிறார்கள்.

சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. சிசுவின் முதுகுத்தண்டு கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை உணர்ந்து, ஒருநாள் சம்பளத்தையும் விட்டு, அவள் கிளினிக் வாசலை மிதிக்குமுன் அது முடிந்த காரியம். மருந்தை மாற்றுவதும், கூடிய அளவு போலிக் அமிலம் தொடங்குவதும் அதற்கு முன்னரே நடந்தாக வேண்டும். அதாவது, கலியாண வீட்டிலேயே பேச்சு எழவேண்டும்.

அங்கேதான் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம். இந்தியாவில் 1976 முதல் 1999 வரை, வலிப்புள்ளவர் இந்துத் திருமணம் செய்யத் தகுதியற்றவர் என்று சட்டத்திலேயே இருந்தது. அங்கே சட்டம் போயிற்று. நமது லயத்துப் பேச்சில் இன்னும் போகவில்லை. கட்டிக்கொள்பவனுக்கு உண்மையை அறியும் உரிமை உண்டுதான். ஆனால் சொன்னால் சம்பந்தம் முறியும் என்ற நிலையை நாமே உண்டாக்கிவிட்டு, 'ஏன் சொல்லவில்லை?' என்று அவளை மாத்திரம் கேட்பது என்ன நியாயம்? சொல்வதால் இழப்பவள் அவள். கேட்பதால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓர் இழப்புமில்லை. 'என்ன வருத்தமிருந்தாலும் சொல்லுங்க, கிளினிக்குக்கு நானே கூட்டிட்டுப் போறேன்' என்று மாமியாராகப் போகிறவரே முதலில் சொல்லலாமே!

ஏற்கெனவே உண்டாகியிருப்பவர்கள் ஒருநாளேனும் குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம். குளிசை உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ போகட்டும். பிறந்தபின் தாய்ப்பால் கொடுப்பதற்கும் பெரும்பாலும் தடையில்லை. அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.