அழுக்கால் அழுக்கு நீங்குமோ?

கல்கத்தாவின் பள்ளிகளிலும், நம் ஊர்ப் பள்ளிகளிலும், விஞ்ஞான வகுப்பில் ஒரு சோதனை செய்விப்பார்கள். அடிப்பாகத்தை அறுத்தெடுத்த பிளாஸ்டிக் புட்டியைத் தலைகீழாக நிறுத்தி, கழுத்தில் பஞ்சு அடைத்து, அதன்மேல் கரித்தூளும் கழுவிய மணலும் கூழாங்கல்லும் பரப்பி, கலங்கல் நீரை வார்த்தால், கீழே தெளிந்த நீர் சொட்டும். பிள்ளைகளின் ஆனந்தம் அடங்குமுன்பே, அதைப் பருகலாகாது என்று ஆசிரியர் தடுத்துவிடுவார். அது நியாயமே, ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884இல் காலராக் கிருமியைக் கண்டது இதே கல்கத்தாவின் குளத்து நீரில்தான். அத்தகைய நுண்ணுயிர்களைப் புது மணல் தடுத்து நிறுத்தாது.

ஆனால், பழகிய மணல் தடுக்கும். ஹூக்ளிக் கரையிலுள்ள பல்டாவில், 1870ஆம் ஆண்டளவில் கல்கத்தாவுக்காக அமைக்கப்பட்ட நீர்நிலையத்தின் மணற்பாத்திகளில், நீர் மெல்ல மெல்ல இறங்குங்காலத்து, பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த வழுவழுப்பான படலமொன்று மேற்பரப்பில் படிகிறது. காண்பதற்கு அருவருப்பைத் தரும் அந்தப் படலமே கிருமிகளைப் பற்றி அழிக்கிறது. மாசற்ற மணலால் ஆகாத காரியம் மாசு படிந்த மணலால் ஆகிறது என்னும் இவ்விந்தை, சைவ சித்தாந்தத்தின் ஒரு பழைய வினாவுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

உடலும் பொறிகளும் உலகமும் மாயாமலம், அதாவது மாயையின் அழுக்கு, என்றால், அம்மலத்தைத் தந்து, ஆன்மாவின் அகங்காரத்துக்கு வேராகிய ஆணவமலத்தை இறைவன் கழுவுகிறான் என்பது எங்ஙனம் பொருந்தும்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இவ்வினாவை எழுப்பி, அழுக்கேறிய ஆடையில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றி வெளுப்பவனைக் காட்டி விடை கூறினார். என் சிற்றறிவுக்கு, சித்தாந்தத்தின் துணிவு முழுவதும் இவ்விடையில் இருக்கிறது. ஏனெனில், பரிசுத்தம் என்பது தீண்டாமல் விலகி நிற்பதனால் வருவது என்ற கொள்கை நம்மிடையே வேரூன்றியது. கல்கத்தாவில் குழாய் நீர் வந்தபோது, அதைத் தேவபூஜைக்குக் கொள்ளலாமோ என்று வைதிகர் பலர் தயங்கினர். அவர்களுடைய சிரத்தையை நான் குறைகூறேன். ஆயினும், குடும்பத்தின் பாரமும், பசியும், பிறரோடு பிணங்கிப் பின் இணங்கும் அனுபவமுமாகிய உலகத்தைத் தொடாதவனுக்கு, தன் அகங்காரம் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்பதே தெரிய வழியில்லை.

அப்படியானால், உலகில் உழலும் அனைவரும் தூய்மை எய்திவிட வேண்டுமே என்பர் சிலர். அவர்களுக்கும் அந்த மணற்பாத்தியே விடை. பாத்தியில் நீர் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 சென்டிமீட்டர் அளவே இறங்கலாம். விரைவுபடுத்தினால் கிருமியும் உடன் இறங்கிவிடும். படலம் தடித்துவிட்டால் நீர் இறங்காது. அதைச் சுரண்டி எடுக்கவும் ஒருவன் வேண்டும். சாணமும் உவரும் தாமே ஆடையை வெளுப்பதில்லை, ஏற்றியவனே அவற்றையும் அழுக்கோடு அலசிப் போக்குகிறான். மாயை சடம், அதனைக் கருவியாக்கி, காரியம் முடிந்தபின் அகற்றுவது அருள். சுரண்டிய மணலையும் எறிந்துவிடுவதில்லை, கழுவி மீண்டும் பாத்தியில் இடுவர். அவ்வாறே, ஓர் ஆன்மா முத்தியடைந்த பின்னும் மாயை அழியாது, ஏனைய ஆன்மாக்களின் பொருட்டு நிலைபெறுகிறது என்பதே சித்தாந்திகளின் துணிபு.