அறிவை அளக்கும் கோல்

பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா? 2012ஆம் ஆண்டில் அமெரிக்க மக்களிடம் இவ்வினாவை விடுத்தபோது, ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பிழையாக விடையிறுத்தார். நம் நாட்டிலும் 1989இல் அலகாபாத்துக் கும்பமேளாவுக்கு வந்தோரிடம் கௌஹர் ரசா முதலியோர் இத்தகைய வினாக்களைக் கேட்டுக் கணக்கெடுத்தனர். மக்களின் விஞ்ஞான அறிவை அளக்கும் இம்முறையைப் பற்றி எமக்கு ஓர் ஐயம் உண்டு. சரியாக விடை கூறிய மூவரும் அதனை எவ்வாறு அறிந்தனர்? பெரும்பாலும் ஆசிரியர் சொன்னார், அவர்களும் சொன்னார்கள். காலாமருக்குப் பகவான் புத்தர் கேசபுத்தத்தில் அருளிய உபதேசத்தைத் தலைமேற்கொண்ட நாம், கேட்டதைத் திருப்பிச் சொல்வதை அறிவென்று ஒப்பலாமோ?

1971ஆம் ஆண்டு, கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் நிறைந்த வனகாவ் என்னும் எல்லை ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவரும் நிலை. கல்கத்தாவிலிருந்து சென்ற டாக்டர் திலீப் மகலனாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு எனக் கலந்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். குளுக்கோஸ் குடலில் உட்செல்லும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்லும். உப்பின் பின்னே நீரும் செல்லும். இவ்வளவுதான் அதன் தத்துவம். ஆனால் கலவையை ஊட்டியவர்கள் நோயாளியின் உறவினரே. அவர்களோ நரம்பில் ஏற்றுவதையே மருந்தென்று நம்பியிருந்தவர்கள். ஆகவே இதனையும் சலைன் என்றே பெயரிட்டு, வாயால் குடிக்கும் சலைன் என்றார் டாக்டர். குளுக்கோசின் தத்துவத்தை வினாவாகக் கேட்டிருந்தால் அம்மக்களில் ஒருவரும் தேறியிருக்கமாட்டார்!

பெயரை நம்பித்தானே முதலில் கொடுத்தார்கள் என்பீர்கள். உண்மை. அத்துடன், கண்ணெதிரே ஒருவர் பிழைத்ததைக் கண்டதும் போதாது. குளத்து நீரைத் தெளித்துப் பிழைத்தவரைக் கண்டோரும் நம்மூரில் உளர். 100க்கு 30 அளவில் இருந்த சாவு 3.6 ஆகக் குறைந்தது என எண்ணிக் கண்டபோதே ஐயம் தீர்ந்தது. ஆகவே அளவையை நாம் வெறுக்கவில்லை. எதை அளப்பது என்பதே கேள்வி. நன்மை பயப்பதெனத் தாமே அறிந்தபின் கைக்கொள்ளுங்கள் என்ற காலாம உபதேசமும் பயனையன்றோ அளவுகோலாகக் காட்டுகிறது?

இது பிறரைப் பற்றிய பேச்சன்று. பகுத்தறிவைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசும் நம்மவர் ஒருவர், மகளின் திருமணத்தை இராகுகாலம் கழியும்வரை நிறுத்திவைத்தார். கிரகணம் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் படம் வரைந்தே விளக்குவார். அமெரிக்கர் கணக்கில் அவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

வைசாகப் பௌர்ணமியன்று நம் சிறுவர்க்கு நடத்தும் வினாவிடைப் போட்டியில், ஒவ்வொரு விடைக்கும் பின்னர், “அஃது உனக்கு எப்படித் தெரியும்?” என்றும் கேட்க வேண்டுமெனச் செயலாளருக்கு எழுதியுள்ளேன். பஞ்சசீலத்தைப் பற்றிய வினாக்களையும் இதில் சேர்த்தே எழுதினேன்.