கோட்டை மதிலும் திறந்த கதவும்



கண்டிப் பகுதியிலிருந்து தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரை போய் வந்த குடும்பங்கள் பல. அங்கிருந்து வடக்கே சென்றால் கற்பிட்டிக் கரையில் ஒல்லாந்தர் கோட்டை நிற்கிறது. 1667-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. புத்தளம் கடனீரேரியின் வாயிலைக் காத்து, கண்டி அரசனின் கடல் வியாபாரத்தை அடக்குவதே அதன் நோக்கம். போர்த்துக்கேயர் காலத்தில் யேசு சபைக் குருக்களின் சிற்றாலயம் இருந்ததும் அவ்விடத்திலேதான். ஒல்லாந்தர் ஆட்சியிலோ கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை.

அத்தடையை மீறி, 1687-ல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து சேர்ந்தார் புனித யோசேவ் வாஸ் அடிகளார். யாழ்ப்பாணத்தில் மறைந்திருந்து மந்தையைத் தேற்றினார். 1690-ல் கண்டி அரசனுக்குரிய புத்தளத்துக்கு வந்தார். 1692-ல் கண்டி நகரை அடைந்தபோது, அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிலிட்டார்கள். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை விடுவித்து, வேதம் போதிக்கவும் அனுமதித்தான். கிறிஸ்தவ ஆட்சி அடைத்த கதவைப் பௌத்த மன்னன் திறந்தான்! இதை நம் பிள்ளைகளுக்கு நன்றியோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. உற்றாரும் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ அவர்களைத் தேடிப் போனார். உணவும் மருந்தும் கொடுத்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்டு உதவவில்லை. 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

பழைய கோட்டைகளைப் பேணுவது நல்லதே. அவை நம் நாட்டின் முதுசொம். ஆனால் அவற்றைக் கட்டியோர் பயத்தினால் கட்டினார்கள் என்பதை மறவாதிருப்போம். நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட மதில்கள் இல்லையா? சாதி பார்த்துச் சம்பந்தம் மறுக்கிறோம். லயத்திலிருந்து வரும் பிள்ளையை முற்றத்தோடு நிறுத்துகிறோம். அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் நோய் நொடியை விசாரிக்கத் தயங்குகிறோம். பிறகு மாலையில் செபமாலை சொல்லி, ஆண்டவரே நம் அரண் என்கிறோம். அவர் அரணாயிருக்க, நமக்கு இந்த மதில்கள் எதற்கு?

இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும், இதுவரை தாண்டாத ஒரு வாசற்படியைத் தாண்டிப் போகட்டும். நோயாளி ஒருவரைப் போய்ப் பாருங்கள். பேச்சு வார்த்தை அற்றுப்போன உறவினரை வீட்டுக்கு அழையுங்கள். அடிகளார் உங்களுக்காக மன்றாடுவாராக. ஆமென்.