விளையாட்டுப் பெட்டிக்குப் பொட்டு உண்டா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தென்காசி வட்டாரத்து வீடுகளில் பரண் சுத்தமாகும். அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்பேனர், சைக்கிள், பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் துடைத்து அடுக்கப்படும். தொண்ணூறுகளில் பிள்ளைகள் வளர்ந்த வீடு என்றால் தூசிக்குள்ளிருந்து இன்னொன்றும் இறங்கி வரக்கூடும். மஞ்சளேறிப்போன வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, வயர் சுற்றிய இரண்டு கன்ட்ரோலர்கள், செருப்பு டப்பாவில் நாலைந்து கேசட்டுகள். பெட்டியின் மேல் 'சமுராய்' என்றோ 'லிட்டில் மாஸ்டர்' என்றோ எழுத்து பாதி அழிந்திருக்கும்.

"ஆச்சி, இதுக்கும் பொட்டு வைக்கவா?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "அது வெளாட்டுச் சாமான்லா. தொழில் சாமானுக்குத்தான் பொட்டு" என்று பதில் வரும். மேசையில் இருக்கும் கணினிக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் கிடைத்துவிடும்.

கேள்வி சின்னதுதான். ஆனால் எதைக் கருவி என்று வணங்குகிறோம், விளையாட்டுக்கு அதில் இடம் உண்டா, பழையதைப் போற்றுவது என்றால் என்ன செய்வது என்ற மூன்று பெரிய கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

கணினி பொட்டு வாங்குவதில் யாருக்கும் சந்தேகமில்லை. சோறு போடுவதெல்லாம் ஆயுதம் என்பது நம் வழக்கம். ஏர், தராசு, தறி, லாரி என்ற வரிசையில் கணினியும் எப்போதோ சேர்ந்துவிட்டது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கிய பிறகு, மென்பொருள் எழுதுவதும் அந்த மண்ணின் தொழில்களில் ஒன்றாகிவிட்டது. வீடியோ கேம் பெட்டியோ யாருக்கும் சோறு போடவில்லை. சாப்பாட்டை மறக்கடித்த பெட்டி என்றுதான் அம்மாக்கள் அதை நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பழைய வீட்டுக் கணினியையும் பழைய விளையாட்டுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடியைக் கழற்றினால், இந்தப் பாகுபாடு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. 1975-இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்ற சில்லை வெறும் 25 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு ஈடான மற்ற சில்லுகள் அப்போது பல மடங்கு விலை. 1977-இல் வந்த ஆப்பிள் 2, 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ ஆகிய கணினிகளில் துடித்தது அந்த 6502. 1982-இன் கமோடோர் 64-இல் இருந்தது அதன் தம்பி 6510. 1977-இன் அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டியில் இருந்தது இன்னொரு தம்பி 6507. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமுக்காக ரிக்கோ நிறுவனம் செய்த சில்லும் அதே குடும்பம்தான். நம் ஊர் சமுராயும் லிட்டில் மாஸ்டரும் அந்த ஃபேமிகாமின் வழிவந்தவை. ஆக, பொட்டு வாங்கிய பெட்டிக்கும் வாங்காத பெட்டிக்கும் இதயம் ஒன்று.

இதயம் ஒன்றானாலும் குணம் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்ல, தமிழ் வைணவம் பல நூற்றாண்டுகளாக விவாதித்து வரும் உவமை ஒன்று கைகொடுக்கிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் தன் பாட்டுக்குத் தாவும். பூனைக் குட்டி ஒன்றும் செய்யாது. தாயே வாயால் கவ்விக் கொண்டுபோகும். இறைவனை அடைய நம் முயற்சியும் வேண்டும் என்பவர் வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார். தன்னை ஒப்புக்கொடுத்தால் அவனே தூக்கிச் செல்வான் என்பவர் பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார். குற்றாலத்துப் பாறைகளில் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு போகும் குரங்குக் குட்டியைப் பார்த்தவர்களுக்கு முதல் உவமையை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக் கணினி குரங்குக் குட்டியின் வழி. கமோடோர் 64-ஐப் போட்டதும் நீலத்திரையில் 38,911 பைட் காலியாக இருக்கிறது என்று ஒரு வரி, தயார் என்று ஒரு சொல், கீழே கண்சிமிட்டும் ஒரு கட்டம். அவ்வளவுதான். நீ என்ன செய்யப்போகிறாய் என்று அது காத்திருக்கும். நம் நாட்டில் அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கணினி வாங்கியவர் அபூர்வம். 1984-85-இல் நடுவண் அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவைத்தான் பல மாணவர்கள் முதலில் தொட்டார்கள். அங்கும் அப்படியே: பேசிக் மொழியில் வரி எண் போட்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும், ஒரு காற்புள்ளி தவறினாலும் ஓடாது. பற்றிய பிடியை விட்டால் குட்டி கீழே விழும்.

விளையாட்டுப் பெட்டி பூனையின் வழி. கேசட்டைச் செருகி ஸ்விட்சைத் தட்டினால் போதும், முழு உலகம் ஒன்று வந்து நின்று பிள்ளையைக் கவ்விக்கொள்ளும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ அப்படி ஓர் உலகம். அதன் அளவு மொத்தம் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. அந்தச் சிக்கனத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மாரியோவின் தலைக்கு மேல் மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே உருவம்; நிறம்தான் வேறு. வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். ஆயிரம் முறை ஆடியும் இதைக் கவனிக்காதவர்கள் உண்டு. உருவம் ஒன்று, தோற்றம் பல என்று வேதாந்த வகுப்பில் கேட்பதைப் பிள்ளைகள் அங்கே தெரியாமலே தாண்டிக் குதித்தார்கள்.

தொழில் உயர்ந்தது, விளையாட்டு தாழ்ந்தது என்று நம் சமயம் சொல்லவில்லை. படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்றுமே இறைவனுக்கு விளையாட்டு என்றுதான் கம்பர் தம் காவியத்தைத் தொடங்குகிறார். பரஞ்சோதி முனிவர் மதுரைச் சொக்கநாதரின் அருட்செயல்களைப் பாட வந்து அவற்றுக்கு வைத்த பெயர் திருவிளையாடல்; கணக்கு 64. சிவன் ஆடும் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு உரியது சித்திரசபை. தில்லையில் திருமேனியாக நின்று ஆடுபவர் இங்கே சுவர் ஓவியமாக ஆடுகிறார். வண்ணத்தால் ஆன உருவம் என்பதற்காக யாரும் கும்பிடாமல் திரும்புவதில்லை. டச்சு வரலாற்றாசிரியர் ஹுய்சிங்கா 1938-இல் எழுதிய நூலில், விளையாட்டு பண்பாட்டைவிடப் பழையது, சடங்கும் விளையாட்டும் ஒரே குணம் கொண்டவை என்று வாதிட்டார். கோடு போட்ட களம், மீறக்கூடாத விதி, அதற்குள் மட்டும் செல்லுபடியாகும் காலம் ஆகியவை இரண்டுக்கும் பொது. தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

எனவே விளையாட்டுச் சாமான் என்பது பொட்டை மறுக்கக் காரணமாகாது. ஆனால் பொட்டு வைத்துவிட்டால் மட்டும் போதுமா?

அந்தப் பெட்டியோடு பழகியவர்களுக்கு ஒரு கை வழக்கம் உண்டு. படம் வரவில்லையென்றால் கேசட்டை உருவி, அடிவாயில் 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருகுவது. உண்மையில் வேலை செய்தது மூச்சு அல்ல. உருவிச் செருகியதில் உலோகப் பற்கள் ஒன்றோடொன்று உரசிச் சரியாகப் பொருந்தியதுதான். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொன்னது. மூச்சின் ஈரம் பற்களை அரிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் சாரல் காற்று நுழையும் ஊரில் அந்த அரிப்புக்குக் கேட்க வேண்டுமா? அப்படிப் பழுதான பெட்டியைத் திறந்து ஈயம் வைத்து உயிர் கொடுத்தவர்கள் கடைத்தெருவின் டிவி மெக்கானிக்குகள். பூனைக் குட்டியாகப் பிறந்த பெட்டியைக் குரங்குக் குட்டியின் பிடியால் காப்பாற்றியது அவர்கள் கை.

இப்போது அந்த விளையாட்டுகள் எல்லாம், பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாகக் கைப்பேசியிலேயே ஓடுகின்றன. பிறகு பெட்டி எதற்கு? உயிர் வேறு உடலுக்குப் போய்விட்டதே என்று கேட்பார்கள். நம் மரபில் இதற்கு இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, மாடுகள் கதறுவது பொறுக்காமல் ஒரு யோகியார் அவன் உடலில் புகுந்தார். திரும்பி வந்தபோது அவருடைய சொந்த உடல் இல்லை. மூலன் உடலிலேயே திருமூலராக இருந்துவிட்டார். இன்னொன்று பாலாலயம். கோயில் திருப்பணி நடக்கும்போது சாந்நித்தியத்தைத் தற்காலிகமாக வேறோர் உருவில் ஏற்றி வைத்து வழிபடுவார்கள். வேலை முடிந்து குடமுழுக்கு நடந்ததும் மூலஸ்தானத்துக்கே கொண்டு சேர்ப்பார்கள். பழைய உடல் அழிந்துவிட்டால் எமுலேட்டர் திருமூலர் வழி. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். உடல் இன்னும் பரணில் இருந்தால் எமுலேட்டர் பாலாலயம் மட்டுமே. திருப்பணியைத் தொடங்காமல் பாலாலயத்திலேயே சாமியை விட்டுவிடுவது முறையல்ல.

ஜப்பானின் சிபா மாநிலத்தில் இசுமி என்ற ஊரில் கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயில் உண்டு. சோனியின் ஐபோ என்ற இயந்திர நாய்களுக்கு அங்கே 2015-இலிருந்து சூத்திரம் ஓதி வழியனுப்பியிருக்கிறார்கள். ஓதி முடிந்ததும் அவற்றைக் குப்பையில் போடுவதில்லை. பாகங்களைக் கழற்றி, பழுதான வேறு ஐபோக்களுக்குப் பொருத்துகிறார்கள். அங்கே மந்திரமும் ஸ்க்ரூடிரைவரும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள்.

தென்காசிக்காரர்களுக்கு இதற்கு ஜப்பான் போக வேண்டியதில்லை. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் சிதைந்து, பிளந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. நாளிதழ் அதிபர் சிவந்தி ஆதித்தன் முயற்சியில் அது மறுபடி எழும்பி 1990-இல் குடமுழுக்கு கண்டது. ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. மேலே உள்ளது புதுக் கட்டுமானம் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் அதைப் பாண்டியன் கோபுரம் என்று கும்பிட யாருக்கும் தயக்கமில்லை. பழுது பார்க்கப்பட்டதால் அது போலியாகிவிடவில்லை. கைவிடப்படாததால் அது பாண்டியன் கோபுரமாகவே நிலைத்தது.

ஆகவே இந்த ஆயுத பூஜைக்குப் பரணிலிருந்து அந்தப் பெட்டி இறங்கினால், கணினியாக இருந்தாலும் கேம் பெட்டியாக இருந்தாலும், முதலில் திறந்து பாருங்கள். பேட்டரி போட்டு வைத்திருந்தால் கசிந்திருக்கும்; எடுத்துவிடுங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கேசட்டின் பற்களை ஊதாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒரு பிள்ளை அதில் ஒரு முறை ஆடட்டும். அதன் பிறகு பொட்டு வையுங்கள்.

பராக்கிரம பாண்டியன் தான் கட்டிய கோயிலைப் பற்றி ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பழுது நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் உலகறிய அவரைப் பணிகிறேன் என்று அதில் சொல்லியிருக்கிறான். கட்டிய அரசன் வணங்கியது பழுது பார்க்கப்போகிறவர்களை.