கிறிஸ்துமஸ் தாத்தாவின் கணக்குப் புத்தகம்

தூத்துக்குடியைச் சுற்றியுள்ள உப்பளங்களில், மார்கழி பிறக்கும் முன்னரே வேலை நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூழ்கடித்துவிடும். அக்டோபரில் தொடங்கும் அந்த ஓய்வு (ஓய்வு என்பது பட்டினிக்கு நாம் இட்ட செல்லப்பெயர்!) வெயில் திரும்பி, மீண்டும் உப்பு விளையும் வரையில் நீடிக்கும். இந்திய உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. அந்த இடத்தைத் தலைச்சுமையாகச் சுமந்து தேடித்தந்த பெண்ணின் குடிசைக்கு, ஆண்டில் கூலி வராத மாதங்கள் பார்த்துத்தான் கிறிஸ்துமஸ் வருகிறது!

விழா நாட்காட்டியைப் பார்த்து வருகிறது. கூலி வெயிலைப் பார்த்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தை நிற்கிறது. எதிர்வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு எரிகிறது. அடுத்த தெரு அடுமனையிலிருந்து கேக்கின் மணம் மிதந்து வருகிறது. “எனக்கு என்னம்மா?” என்று கேட்கிறது குழந்தை. இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை யாது? வீட்டுப் பெண்களின் சில்லறைக் கவலை இது என்று ஒதுக்குவோர் உளர். தத்துவம் பேசும் ஏடுகள் பல, வானத்தைப் பற்றி எழுப்பும் வினாக்களைவிட இது கடினமான வினா என்பேன் நான்.

கடன் வாங்கியேனும் களிப்பூட்டு என்பது ஒரு விடை. ஆண்டுக்கொரு நாள், அந்த ஒரு நாளாவது பிள்ளை சிரிக்கட்டும் என்கிறாள் தாய். அந்தத் தாயின் நெஞ்சை நான் பழிக்கமாட்டேன். ஆனால் கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் பத்து என்ற வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினால், மாதந்தோறும் 1,000 ரூபாய் வட்டி. ஆறு திங்களில் 6,000 ரூபாய் கட்டியாயிற்று; முதலோ முழுதாக நின்று முறைக்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, வட்டிக்காரர் வாசலில் இருக்கிறார். டிசம்பரில் குழந்தை உடுத்திய பட்டுப்பாவாடை, ஜனவரியில் அதன் பாலைக் குடித்துவிடுகிறது. பிப்ரவரியில் அதன் தட்டிலிருந்த முட்டையைத் தின்றுவிடுகிறது. பரிசு கொடுத்தவர் யார்? குழந்தையேதான்! தன் வயிற்றிலிருந்து எடுத்துத் தனக்கே வழங்கிக்கொண்ட வள்ளல் அது.

1824ஆம் ஆண்டு இலண்டனில், ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுன் சொச்சத்தைத் தர இயலாத ஒருவர், மார்ஷல்சி என்னும் கடனாளிச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர்தம் மகனுக்கு அப்போது வயது 12. பள்ளிக்குச் செல்லவேண்டிய அச்சிறுவன், காலணி மெருகு செய்யும் ஆலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான். அவன்தான் சார்லஸ் டிக்கன்ஸ். 1843இல் அவர் எழுதிய ‘கிறிஸ்துமஸ் கரோல்’ என்னும் கதையில் வரும் எழுத்தர் கிராச்சிட்டின் வாரக்கூலி 15 சில்லிங். பிள்ளைகள் ஆறு பேர். அந்த வீட்டு விருந்தைப் பாருங்கள், தோழர்களே! ஒரே ஒரு வாத்து. அதைச் சுடுவதற்கு வீட்டில் அடுப்பு வசதி இல்லை. ரொட்டிக் கடை அடுப்பில் சுட்டு எடுத்து வருகிறார்கள். அத்தனை வயிற்றுக்கும் அது போதாது. உருளைக்கிழங்கும் ஆப்பிள் கூட்டும் சேர்த்துத்தான் நிறைவு செய்கிறார்கள். ஆயினும் ஒரு பிள்ளை கிழங்கை மசிக்கிறது, ஒரு பெண் கூட்டுக்கு இனிப்புச் சேர்க்கிறாள், மூத்தவள் தட்டுகளைத் துடைக்கிறாள், சிறுசுகள் நாற்காலி போடுகின்றன. விழா அவர்களுக்கு வழங்கப்படவில்லை, அவர்கள் விழாவை ஆக்குகிறார்கள். கடனின் கொடுமையைத் தன் கைவிரலால் அறிந்தவர், ஏழைப் பிள்ளையின் மகிழ்ச்சியை அந்தப் பிள்ளையின் கையிலேயே வைத்தார் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

நம் ஊரிலும் இது தெரியாததன்று. மூங்கில் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்யும் வீடுகள் இன்றும் உண்டு. பசை காய்ச்சுவது ஒருவன், தாள் வெட்டுவது ஒருத்தி. முந்திரிக்கொத்துக்கு மாவு கரைக்கையில் ஒரு விரல் நக்கிப் பார்க்கும் உரிமை கடைக்குட்டிக்கு. கடையில் வாங்கிய நட்சத்திரம் இதைவிட நன்றாக எரியும் என்பது உண்மைதான். ஆனால், “இது நான் செய்தது!” என்று தெருவையே அழைத்துக் காட்டும் பெருமை அதற்கு ஏது?

இன்னொரு பொல்லாங்கு இருக்கிறது. செலவில்லாதது, சிரித்த முகத்துடன் வருவது, ஆகவே பெற்றோரை எளிதில் ஏமாற்றுவது. சிவப்பு அங்கி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சொல்கிறேன். இவருடைய மூதாதை, இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மைரா என்னும் ஊரின் ஆயராக நான்காம் நூற்றாண்டில் இருந்த நிக்கோலஸ். மூன்று பெண்களுக்கு மணமுடிக்க வழியில்லாது தவித்த ஏழைத் தந்தையின் வீட்டுக்குள், இரவில் எவரும் அறியாமல் அவர் பொன்முடிப்பு எறிந்தார் என்பது வழிவழிக் கதை. வாங்குகிறவன் நாணக்கூடாது என்று கொடுத்தவன் முகத்தை மறைத்துக்கொண்டான். அழகான கதை! பின்னர் 1823இல் அமெரிக்காவின் டிராய் நகரச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த கவிதையில், அவர் பனிமான் வண்டி ஏறினார். 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் அவருக்குத் தொப்பையும் தாடியும் வரைந்து தந்தார். வளர்ந்துகொண்டே வந்த தாத்தாவின் கையில், எப்படியோ ஒரு கணக்குப் புத்தகமும் ஏறிவிட்டது: நல்ல பிள்ளைக்குப் பரிசு, பொல்லாத பிள்ளைக்கு இல்லை!

இங்கேதான் நஞ்சு இருக்கிறது. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த நாளில் என்னிடம் கேட்டான்: “சார், அவனுக்கு சைக்கிள் குடுத்த தாத்தா எனக்குப் பென்சில் குடுத்தாரே, நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?” அவன் கேட்டது தாத்தாவைப் பற்றி மட்டுமா? இல்லாமை என்பது தன் குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை என்று, எட்டு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது! நம் நாட்டில் இந்தப் பாடத்துக்குப் பழைய பெயர் வினைப்பயன். முற்பிறவியில் நீ செய்தது, இப்பிறவியில் நீ அனுபவிப்பது என்று சொல்லித்தானே தலைமுறை தலைமுறையாக ஏழையின் வாயை அடைத்தார்கள்? அதே கணக்கப்பிள்ளை, பூணூலுக்குப் பதில் பஞ்சுத் தாடி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாடல் குழுவோடு தெருவில் ஆடிவந்து மிட்டாய் தரும் தாத்தாவின்மீது எனக்குச் சினமில்லை. முகமூடிக்குள் இருப்பவர் இன்னாரென்று குழந்தைகளுக்கே தெரியும், ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறது. அவர் கையிலுள்ள கணக்குப் புத்தகத்தை மட்டும் பிடுங்கிவிடுங்கள் என்கிறேன்.

பிஞ்சு உள்ளத்தில் வறுமைக் கணக்கை ஏற்றுவது கொடுமை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குழந்தைக்கு வறுமை தெரியாது என்று எண்ணுவது நம் பேதைமை. அரிசிப்பானையின் அடியில் கிண்ணம் உரசும் ஓசை அதற்குத் தெரியும். அம்மா தனக்குப் பசியில்லை என்று சொல்லும் குரல் தெரியும். அதற்குத் தெரியாதது ஒன்றுதான்: தான் அதற்குக் காரணமில்லை என்பது. “மழைக்காலம், கூலி இல்லை. இவ்வளவு பணம் இருக்கிறது. இதில் உனக்கொரு சட்டை, நாம் எல்லோரும் சேர்ந்து முறுக்குச் சுடுவோம், நட்சத்திரத்தை நீயே கட்டு.” இவ்வளவு போதும். வட்டிக்காரரின் ஏச்சையும் நாளைய அச்சத்தையும் அதன் தலையில் கொட்டவேண்டா. காரணத்தைச் சொல்லலாம், கவலையைக் கொடுக்கலாகாது.

இதைச் சொல்லும்போது, ‘போதுமென்ற மனமே பொன்’ என்று உபதேசிக்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த மருந்தை எப்போதும் பசித்தவனுக்கே எழுதித்தருகிறார்கள். உண்டு கொழுத்தவனுக்கு எழுதித்தந்த மருத்துவரை நான் கண்டதில்லை. புத்தாடைக்கு ஏங்கும் குழந்தையின் ஏக்கத்தில் பேராசை ஏதுமில்லை. நியாயமான ஏக்கம், நிறைவேறவேண்டிய ஏக்கம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். விடுமுறை கழிந்த முதல் நாள், “என்ன வாங்கினாய்?” என்று வகுப்பில் வரிசையாகக் கேட்கும் வழக்கத்தை விட்டொழிக்கலாம். கடைசி இருக்கைச் சிறுமி, தன் முறை வருமுன் கட்டிவைக்கும் பொய்யைக் கவனித்தவர்கள் அந்தக் கேள்வியை மறுமுறை கேட்கமாட்டார்கள். “என்ன செய்தாய்?” என்று கேட்டால் அவளிடமும் விடை இருக்கும். அன்பளிப்பு வழங்கும் அன்பர்களோ, ஏழைக் குழந்தையை மேடையேற்றிப் பொட்டலத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் செய்து, மறுமுனையைத் தாம் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். இருளில் பொன்னெறிந்த நிக்கோலஸுக்கும் இவர்களுக்கும் என்ன உறவு?

டிக்கன்ஸின் கதை முடிவில், கருமி முதலாளி மனம் மாறி, கிராச்சிட்டின் வீட்டுக்குப் பெரிய வான்கோழி ஒன்றைப் பெயர் சொல்லாமல் அனுப்புகிறார். படிப்போர் கண்கள் அங்கே பனிக்கும். என் கண்ணை நிறுத்துவது மறுநாள் நடப்பது: எழுத்தரின் சம்பளத்தை உயர்த்துகிறார்! வான்கோழி அன்றிரவே தீர்ந்திருக்கும். உயர்ந்த கூலி அடுத்த கிறிஸ்துமஸிலும் அந்த வீட்டில் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு முதலாளியின் மனம் ஓர் இரவில் மாறவேண்டியிருந்தது. பேய்கள் வந்து மிரட்டவேண்டியிருந்தது. நம் உப்பளங்களுக்குப் பேய்கள் வரப்போவதில்லை.

உண்மையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் வரும். மழை என்றால் கூலியில்லை என்று தாய் சொன்னதை அது மறக்காது. விளைந்த உப்பைக் குவித்து, ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்திருப்பதையும், மழை வெறித்த நாட்களில் லாரிகள் வந்து ஏற்றிச்செல்வதையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒருநாள் அது கேட்கும்: “மழைக்காலத்திலும் உப்பு விற்கிறதே அம்மா, கூலி மட்டும் ஏன் நின்றுபோகிறது?”