இடைவழியில் கைவிடலாகாது



எம்பெருமான் விநாயகரின் திருவருளால் மலரும் இவ்வாண்டு மலரில், எமது ஊரின் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகின்றதென்றால் வீடே விழித்திருக்கும். ஆலயத்திலும் அருச்சனைகள் கூடும். பரீட்சை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். பின்னர் க.பொ.த. சாதாரண தரம் நெருங்கும்போதுதான் மீண்டும் விழிக்கின்றோம். இடையிலுள்ள தரம் 6 முதல் 9 வரையான நான்கு ஆண்டுகளை எவரும் கவனிப்பதில்லை. ஒரே வகுப்பாசிரியரின் அணைப்பில் இருந்த பிள்ளை பாடத்துக்கோர் ஆசிரியரிடம் செல்வதும், உடலும் குரலும் மனமும் மாறுவதும் இந்த ஆண்டுகளிலேதான்.

இதனை நான் பிறருக்கு உபதேசமாகக் கூறவில்லை. இலிகிதராகப் பணியாற்றிய காலத்தில் வரி வரியாகப் படிக்காமல் எந்தக் கோவையையும் மேலே அனுப்பாதவன் நான். ஆனால் எனது மகனின் தேர்ச்சி அறிக்கையில் மட்டும் படிக்காமலே ஒப்பமிட்டு வந்தேன். அவன் சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறியபோது ஏசினேன். "அப்பா, எட்டாம் வகுப்பிலேயே எனக்கு விளங்கவில்லை. நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே" என்றான். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அன்று எனக்கு நினைவில் வந்தவர் திலகவதியார். தம்பி மருணீக்கியார் வேறு வழி சென்றபோது அந்த அம்மையார் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டு, மெழுகி, தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டவண்ணம் காத்திருந்தார். சூலை நோயுடன் தம்பி திரும்பி வந்தபோது பழங்கணக்குப் பேசாமல் திருநீறு அளித்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே எமக்குத் திருநாவுக்கரசராகக் கிடைத்தார். பிள்ளை வழிதவறும் காலத்தில் வீட்டில் ஒருவர் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

பெற்றோரே, இரவில் அரைமணி நேரமாவது பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். பாடம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "இன்று எது விளங்கவில்லை?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். பின்னமும் வாசிப்பும் பிடிபடாத பிள்ளையைத் தரம் 6இலேயே இனங்கண்டு, தொடக்கத்திலிருந்து கற்பியுங்கள்.

ஆலயத்துக்கும் இதில் கடமை உண்டு. நாவலர் பெருமான் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது, சமயமும் கல்வியும் பிரியாதவை என்பதனாலன்றோ? தவணைப் பரீட்சைக் காலங்களில் மாலை ஆறு மணிக்குப் பின் ஒலிபெருக்கியை நிறுத்துவோம். அறநெறிப் பாடசாலை மண்டபத்தை இரவு எட்டு மணிவரை விளக்கேற்றித் திறந்து வைப்போம். இது எமது பரிபாலன சபையிடம் நான் வைக்கும் தாழ்மையான வேண்டுகோள்.

தேர் இருப்பிடம் வந்து சேரும்வரை நாம் வடத்தைக் கைவிடுவதில்லை. பிள்ளைகளையும் இடைவழியில் விட்டுவிடாதிருக்க விநாயகப் பெருமான் அருள்புரிவாராக.

மேன்மைகொள் சைவ நீதி விளங்குக உலகமெல்லாம்.