ஊற்றும் செறிப்பும்



ஒன்பது பதார்த்தங்களுள் ஊற்று, செறிப்பு என்னும் இரண்டையும் இளமை முதற்கொண்டே கேட்டு வருகிறோம். மனம், மொழி, மெய் ஆகியவற்றின் இயக்கத்தால் வினை உயிரினுள் புகுதல் ஊற்று. அவ்வாயிலை அடைத்தல் செறிப்பு. துளைபட்ட ஓடத்தில் நீர் புகுதலை இதற்கு உவமையாக்குவர் ஆன்றோர். இன்று நம் கையிலுள்ள கைப்பேசியும் அத்தகைய ஓர் ஓடமே.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை எனக்கு ஓர் அழைப்பு வந்தது. என் வாழ்நாள் சான்று காலாவதியாகிவிட்டதென்றும், அன்றிரவுக்குள் புதுப்பிக்காவிடில் ஓய்வூதியம் நின்றுவிடுமென்றும் மிகப் பணிவாக ஒருவர் கூறினார். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதனை நிறுவச் சொன்னார். 'வினாவை இருமுறை படித்த பின்னரே விடை எழுதுக' என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்த நான், ஒருமுறையேனும் படிக்காமல் விரலைக் கொண்டு சென்றேன். பள்ளியிலிருந்து வந்த பேத்திதான், "ஏ.பி.கே. என்று முடிகிறது பாட்டி, தொடாதீர்கள்" என்று தடுத்தாள். அத்தகைய கோப்பு உள்ளே புகுந்தால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணைக்கூட நம்மையறியாமல் கள்வனுக்கு அனுப்பிவிடுமாம்.

அவர் செய்தது மாயை என்னும் கஷாயம், ஐயமில்லை. ஆனால் அது புகுந்த துளை என்னுடையது. நோகஷாயம் ஒன்பதனுள் அச்சமும் ஒன்றன்றோ! 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவோரும் இத்துளையையே தேடுகின்றனர். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். பங்குச் சந்தையில் பணம் இரட்டிக்கும் என்பாரோ லோபத்தின் வழியே நுழைகின்றனர். 'பணம் பெற்றுக்கொள்ள யு.பி.ஐ. பின் எண்ணை இடுக' என்பதும் பொய்யே. பெறுவதற்குப் பின் எண் வேண்டுவதில்லை.

முனிவர் நான்கு முழம் முன்னே நிலம் நோக்கி நடப்பது ஈர்யா சமிதி. இல்லறத்தாராகிய நமக்கு அதன் சாயலேனும் வேண்டும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்கு நாமே பேசுதல் அத்தகையது.

இளைஞர்க்கு ஒரு சொல். தரகுக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தத் தருவோர் உளர். கள்வன் கொணர்ந்த பொருளை ஏற்றல் கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. 'எனக்குத் தெரியாது' என்பதைக் காவல்துறையும் எளிதில் ஏற்பதில்லை.

பொருளை இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். விரைந்து சொன்னால், பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஆயினும் பலர் வாய் திறப்பதில்லை. மானம் என்னும் கஷாயம் தடுக்கிறது. பிள்ளைகள் ஏசுவர் என்று முதியோர் அஞ்சுகின்றனர். ஏசாதீர்கள்.

எதையும் இழவாத நானே, அன்று நடந்ததை என் மகனிடம் மூன்று நாள் சொல்லவில்லை. பேத்தியிடமும் 'அப்பாவிடம் சொல்லாதே' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.